அத்தியாயம் 4: மாலைவரை தாங்கும் பை

ஆசியப் பயணத்துக்குக் கேமராவும் லென்ஸும் தேர்ந்தெடுப்பது, சுமப்பது, காப்பது

பயணப் படம் எடுப்பவருக்கு நாளின் இரு முனைகள்தான் முக்கியம். தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பாலான ஊர்களில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் எழுகிறது. ஒன்பது மணி தாண்டினால் வெயில் உச்சிக்கு ஏறி, மனித முகங்களில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழத் தொடங்கிவிடும். மறுபடி நல்ல வெளிச்சம் வர மாலை நாலரை ஆகும். நடுவில் இருப்பதெல்லாம் வெக்கை, படிக்கட்டு, சந்தை, பேருந்து நிலையம். காலையில் உற்சாகமாகத் தோளில் ஏறிய ஆறு கிலோ பை, மதியத்துக்குள் ஆளை விடுதி அறைக்குத் திருப்பி அனுப்பிவிடும். மாலை வெளிச்சம் அவருக்குக் கிடைக்காது.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கு ஒரே அளவுகோல்தான்: மாலை ஐந்து மணிக்கும் விருப்பத்தோடு கையில் எடுக்க முடிகிற கருவியே சரியான கருவி. எத்தனை மணி நேரம் வெளியே நிற்பீர்கள், எந்தச் சந்துக்குள் நுழைவீர்கள், எந்த மாடிப்படி ஏறுவீர்கள் என்பதையெல்லாம் எடைதான் முடிவு செய்கிறது. படமும் அதைப் பொறுத்தே அமைகிறது.

எடைக்கு ஒரு வரம்பு

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கூட்டல் போட்டுப் பாருங்கள். சோனி ஏ7 வரிசையின் நான்காம் பதிப்பு சுமார் 660 கிராம். அதனுடன் அதே நிறுவனத்தின் உயர்தர எஃப் 2.8 ஜூம் லென்ஸ்கள் மூன்று (16-35, 24-70, 70-200) சேர்ந்தால், புதிய இலகுவான பதிப்புகளிலேயே மொத்தம் 3 கிலோவை நெருங்கிவிடும். ட்ரைபாட், ஃபிளாஷ், சார்ஜர், தண்ணீர் பாட்டில், பையின் சொந்த எடை ஆகியவற்றையும் கூட்டினால் 6 கிலோ.

இன்னொரு கூட்டல். ஃப்யூஜிஃபிலிம் எக்ஸ்-டி5 பாடி 557 கிராம், 16-80 ஜூம் 440 கிராம், 23 மி.மீ. எஃப் 2 பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாதது) 180 கிராம். மொத்தம் 1.2 கிலோவுக்குள் அடங்கிவிட்டது. பயணத்தில் எதிர்ப்படும் காட்சிகளில் பெரும்பகுதியை இந்த மூன்று பொருளே எடுத்துவிடும்.

நான் பரிந்துரைக்கும் வரம்பு இது: பாடியும் லென்ஸ்களும் சேர்ந்து 2 கிலோவுக்குள், தண்ணீர், மழைக்காப்பு, பேட்டரி எல்லாம் சேர்ந்த முழுப் பை 4 கிலோவுக்குள். பறவை, வனவிலங்குக்காகவே போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

பாடி: எதைப் பார்த்து வாங்குவது?

மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 24 மெகாபிக்சல் புத்தகத்துக்கும் போதும், சுவரில் மாட்டுகிற பெரிய அச்சுக்கும் போதும். பயணத்துக்கு உண்மையில் உதவுகிறவை வேறு.

- தூசி, ஈரத்தைத் தடுக்கும் ரப்பர் அடைப்புகள். லென்ஸிலும் இருந்தால்தான் முழுப் பயன்.
- பாடிக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி. இது இருந்தால் பெரும்பாலான இடங்களில் ட்ரைபாட் தேவைப்படாது.
- இரண்டு மெமரி கார்டு போடும் இடம்.
- யுஎஸ்பி-சி கேபிளில் நேரடியாகச் சார்ஜ் ஏறும் வசதி.
- சத்தமில்லாத ஷட்டர். புத்த மடாலயத்தில் பிரார்த்தனை நடக்கும்போது இதன் அருமை தெரியும்.

கையில் ஏற்கெனவே ஒரு கேமரா இருந்து, அதன் பட்டன்கள் இருட்டிலும் விரலுக்குத் தெரியும் என்றால் அதையே எடுத்துச் செல்லுங்கள். புதிதாக வாங்குவதென்றால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது வாங்கி, தினமும் தெருவில் பழகுங்கள்.

லென்ஸ்: இரண்டு போதும்

ஒரு ஜூம், ஒரு பிரைம். ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு 24-105 அல்லது 24-120 எஃப் 4 ஜூமும், 35 அல்லது 40 மி.மீ. பிரைமும் நல்ல ஜோடி. ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 16-80 ஜூமும் 23 மி.மீ. பிரைமும். பகலுக்கு ஜூம்; விளக்கு வெளிச்சத்துக்கும், மனிதர்களுக்கு அருகில் போவதற்கும் பிரைம்.

அகலக் கோணம் வேண்டுமே என்கிறவர்களுக்கு, இன்றைய பல கைபேசிகளில் ஏறக்குறைய 13 மி.மீ.க்குச் சமமான அகல லென்ஸ் இருக்கிறது. பயணத்தில் நாலைந்து முறை மட்டும் தேவைப்படும் அந்தக் கோணத்துக்காக அரைக் கிலோவைத் தினமும் சுமக்க வேண்டியதில்லை. டெலி லென்ஸ் கட்டாயம் வேண்டும் என்றால் 70-200 எஃப் 4 போன்ற இலகுவானதைத் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் நாளில் மட்டும் அறையிலிருந்து எடுங்கள்.

குறைவான லென்ஸால் பெரிய வேலை நடக்காது என்ற பயம் வேண்டாம். 1947-48இல் இந்தியாவில் இருந்த புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், காந்தியின் இறுதி ஊர்வலத்தைத் தன் சிறிய லைக்கா கேமராவில் பதிவு செய்தார். வாழ்நாள் முழுவதும் அவர் பெரும்பாலும் நம்பியது 50 மி.மீ. லென்ஸை மட்டுமே. ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாமில் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் 105 மி.மீ. பிரைம் லென்ஸில் எடுத்தது. ஒரே லென்ஸோடு நெடுநாள் இருப்பவர், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே சட்டகத்தைப் பார்த்துவிடுகிறார். எங்கே நிற்க வேண்டும் என்று கால் தானாகத் தீர்மானிக்கும்.

அங்கோரில் ஒரு நாள்

கம்போடியாவின் சியம் ரீப் அருகில் உள்ள அங்கோர் கோயில்களை எடுத்துக்கொள்வோம். இருட்டு, வெயில், குறுகிய மண்டபம், செங்குத்தான படி, காடு, மழை என்று ஆசியப் பயணத்தின் எல்லாச் சோதனைகளும் அங்கே ஒரே நாளில் வரும்.

அங்கோர் வாட் காலை 5 மணிக்குத் திறக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூர்யவர்மன் கட்டிய இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. எனவே வாசல் வழியாக உள்ளே வரும் உங்களுக்கு, சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். கோபுரங்கள் கருத்த வடிவமாகத் தெரியும். குளத்தில் அவற்றின் பிரதிபலிப்பு தெரியும். குளக்கரையில் தோளோடு தோள் உரசும் கூட்டம் இருக்கும் என்பதால் ட்ரைபாட் விரிக்க இடமே இருக்காது. 24 முதல் 35 மி.மீ. வரை வைத்து, வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு எடுத்து, மூச்சை அடக்கி 1/15 நொடியில் எடுத்தால் போதும். குளக்கரைக்குச் சீக்கிரம் போய் முன்வரிசையில் நிற்பதுதான் எந்த லென்ஸையும்விட அதிகம் உதவும்.

சூரியன் ஏறியதும் கூட்டம் காலை உணவுக்குக் கலையும். அப்போது நீங்கள் உள்ளே போய்க் கிழக்குப் பிராகாரத்துக்குச் செல்லுங்கள். பாற்கடல் கடையும் சிற்பம் அங்கே சுமார் 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. காலைச் சூரியன் தூண்களுக்கு இடையே சாய்வாக நுழைந்து, வாசுகியைப் பிடித்திழுக்கும் கைகளின் விளிம்பில் விழும். மெல்லிய புடைப்பாகச் செதுக்கிய கல் அந்தச் சாய்வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும். மண்டபம் குறுகலானது, பின்னால் நகர இடமில்லை, 35 மி.மீ. பிரைம் இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

பேயோன் கோயிலின் முகக் கோபுரங்களுக்கு ஜூமை 80, 100 மி.மீ. வரை தள்ளுங்கள். முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு மூன்று முகங்கள் ஒரே சட்டகத்தில் நெருங்கி வரும். தா ப்ரோமில் மதிலைப் பற்றிக்கொண்டு இறங்கும் வேர்களுக்கு அகலக் கோணம் வேண்டும். வானம் சட்டகத்துக்குள் வந்தால் வெளிறிப்போகும் என்பதால் கேமராவைச் சற்றுத் தாழ்த்துங்கள். மேகமூட்டமான நாள் அங்கே வரம். சற்றுத் தள்ளி உள்ள பந்தே ஸ்ரே 10ஆம் நூற்றாண்டுக் கோயில். செந்நிறக் கல்லில் நுண்ணிய வேலைப்பாடு. கருவறைப் பகுதியைக் கயிறு கட்டித் தடுத்திருப்பதால், நுணுக்கங்களை எடுக்க ஜூமின் நீள முனை உதவும்.

நாள் முழுவதும் பயன்பட்டவை ஒரு பாடி, ஒரு ஜூம், ஒரு பிரைம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மாலையில் ஃப்னோம் பாக்கெங் குன்றின் மேல் ஏறிக் கோயிலின் செங்குத்துப் படிகளைத் தொடும்போது, விடுதியில் விட்டுவந்த ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் முழங்கால் நன்றி சொல்லும்.

ஈரம்

அதே அங்கோர் விடியலில் நடக்கும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஏசி அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்த லென்ஸை, வெக்கையான வெளிக்காற்றில் திறந்ததும் அதன் முகப்பு பால் போல வெளுக்கும். துடைப்பீர்கள், சில நொடியில் மறுபடி படியும். துடைத்துப் பயனில்லை, கண்ணாடி சூடேறினால்தான் தெளியும். அதற்குள் வானம் நிறம் மாறிவிடும்.

தடுப்பது எளிது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள், அல்லது இரவிலேயே பையை ஏசி இல்லாத குளியலறையிலோ பால்கனியிலோ வையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் கேமராவை ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி எடுத்துச் சென்று, அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரம் கவரின் மேல் படியும், லென்ஸில் படியாது.

நீண்ட நாள் ஈரப்பதத்தில் இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஜிப் கவரில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு, இரவில் லென்ஸ்களை அதற்குள் வையுங்கள். நிறம் மாறினால் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் கேமராவைப் புதைக்கும் பழக்கம் வேண்டாம். அரிசித் தூள் இடுக்குகளில் புகுந்து வேறு தொல்லை தரும். மழையில் ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் உறை, உலர்ந்த பருத்தித் துண்டு ஆகிய மூன்றும் போதும். நனைந்தால் முதலில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

தூசி, குளிர்

ராஜஸ்தானின் மணல் வெளியில் லென்ஸ் மாற்றுவதைக் கூடியவரை தவிருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் காற்றுக்கு முதுகு காட்டி, பாடியின் வாயைத் தரை பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். லென்ஸில் மணல் ஒட்டியிருந்தால் முதலில் ப்ளோயரால் ஊதுங்கள், பிறகே துணி. நேரே துணியைப் போட்டால் மணல்துகள் கண்ணாடியைக் கீறும்.

லடாக்கில் பிரச்சினை வேறு. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் ஓய்வெடுக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு மடாலயப் படி ஏறக் கூடாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரிகளைச் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருங்கள். இறங்கிவிட்டது என்று கழற்றிய பேட்டரியைச் சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் படம் எடுக்க உதவும். வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது ஜிப் கவர் உத்தி இங்கேயும் அவசியம்.

கூட்டம்: பத்துமலைத் தைப்பூசம்

கோலாலம்பூர் அருகே பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் சிலையைக் கடந்து குகைக் கோயிலுக்கு 272 படிகள். தைப்பூசத்தன்று அந்தப் படிகளில் பையைத் திறக்கவே இடமிருக்காது. பால்குடத்திலிருந்து பால் சிந்தும், விபூதி பறக்கும், பக்கத்தில் இருப்பவரின் வியர்வை உங்கள் கேமராவில் படியும். இங்கே ஒரு பாடி, ஒரு லென்ஸ், அவ்வளவே. வெளியிலிருந்து குகையின் அரையிருட்டுக்குள் நுழையும்போது ஐ.எஸ்.ஓ. 3200 வரை உயர்த்தத் தயங்காதீர்கள். பால் தெறித்தால் ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்தால் பட்டன்கள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

காவடி எடுப்பவருக்கும் அவரோடு வரும் உறவினர்களுக்கும் வழி விட்டு ஓரமாக நில்லுங்கள். முகத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அது அவர்களின் நேர்த்திக்கடன். உங்கள் படத்துக்காக அவர்கள் ஒரு நொடிகூட நிற்க வேண்டிய நிலை வரக் கூடாது. இந்த மரியாதை எல்லா ஊருக்கும் பொது. காசியின் மணிகர்ணிகா கட்டத்தில் சிதைகளைப் படம் எடுக்காதீர்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கேமரா சிறியதாக இருக்கும்போது மனிதர்கள் மிரளுவதில்லை. முதலில் ஒரு புன்னகை, ஒரு வணக்கம், பிறகு அனுமதி, அதற்குப் பிறகுதான் படம்.

பை

- வெளியே பார்த்தால் கேமராப் பை என்று தெரியாத சாதாரணப் பையே நல்லது. உள்ளே பஞ்சு வைத்த தடுப்பை மட்டும் தனியாக வாங்கிப் போடலாம்.
- நீண்ட நடைக்கு இரு தோள் பை, இடுப்புப் பட்டையோடு. ஊருக்குள் அரைநாள் சுற்ற மார்பின் குறுக்கே போடும் சிறிய பை.
- கோயில்களில் குனிந்து செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது முன்னால் சரிந்து தரையில் இடிக்காதபடி ஸ்ட்ராப் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.
- ஹோ சி மின் நகரம், ப்னோம் பென் போன்ற இடங்களில் பைக்கில் வந்து பறிப்பவர்கள் உண்டு. ஸ்ட்ராப்பைக் குறுக்காகப் போட்டு, கேமரா சாலைப் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கம் தொங்கட்டும்.

விமானம், மின்சாரம், சேமிப்பு

ஆசியாவின் பல பட்ஜெட் விமானங்களில் கைப்பையின் வரம்பு 7 கிலோ. சில நிறுவனங்கள் இரண்டு பைகளையும் சேர்த்தே எடை போடுகின்றன. கேமராவும் லென்ஸும் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

மாற்று லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்க்கையும் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. கேமரா பேட்டரி ஒன்று சுமார் 16 வாட்-அவர்தான், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-அவர். பேட்டரி முனைகளை உறையால் மூடுங்கள். 2025 முதல் பல ஆசிய விமான நிறுவனங்கள் பயணத்தின்போது பவர் பேங்க்கில் சார்ஜ் போடுவதைத் தடை செய்துள்ளன. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல், அந்நாட்டின் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்க்கை ஏற்றவே முடியாது.

மலேசியா, சிங்கப்பூரில் மூன்று தட்டைக் கம்பி பிளக். ஜப்பானில் இரண்டு தட்டைக் கம்பி, 100 வோல்ட். ஒரு நல்ல பல நாட்டு அடாப்டர் போதும். இன்னொரு கவனம்: இரவுக் கடைகளின் விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால், 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/125. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60.

படங்களை இரண்டு கார்டிலும் எழுதும்படி அமைத்து, தினமும் இரவில் ஒரு சிறிய எஸ்எஸ்டியில் நகலெடுங்கள். எஸ்எஸ்டி ஒரு பையில், கார்டுகள் இன்னொரு பையில். ஊர் திரும்பும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

விலையுயர்ந்த கேமராவோடு இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்கள், புறப்படும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது கேமரா வெளிநாட்டில் வாங்கியது அல்ல என்பதற்கு அந்தச் சான்றிதழே அத்தாட்சி. வரிசை எண்களையும் பில்லையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

வீட்டில் விட வேண்டியவை

பெரிய ட்ரைபாட்: தாஜ்மகாலுக்குள் அனுமதி இல்லை, ஜப்பானின் பல கோயில்களிலும் இல்லை. கையகல மேசை ட்ரைபாட் ஒன்று போதும். ட்ரோன்: நேபாளம், இலங்கை, கம்போடியாவின் அங்கோர் என்று எங்கும் முன் அனுமதி வேண்டும், கையில் அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்ல வேண்டாம். ஃபிளாஷும் இரண்டாவது டெலி லென்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கிளம்பும் முன்

- பாடி 1, லென்ஸ் 2
- பேட்டரி 3, சார்ஜர், யுஎஸ்பி-சி கேபிள், பிளக் அடாப்டர்
- மெமரி கார்டு 4, எஸ்எஸ்டி 1
- ப்ளோயர், மைக்ரோஃபைபர் துணி 2, பருத்தித் துண்டு
- பெரிய ஜிப் கவர் 3, சிலிக்கா ஜெல், மழை உறை
- காப்பீட்டுத் தாள், வரிசை எண்கள்

பட்டியல் முடிந்ததும் ஒத்திகை. இதே பையைக் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலிலிருந்து பொழுது சாயும்வரை உங்கள் ஊர்ச் சந்தையிலும் கோயில் வீதியிலும் நடந்து படமெடுங்கள். அன்று முழுக்க வெளியே வராத பொருள் எதுவோ, அதைத் தயங்காமல் எடுத்து வீட்டில் வையுங்கள். ஒத்திகைக்குப் பிறகும் இன்னொரு லென்ஸ் வாங்கத் தோன்றினால், அந்தப் பணத்தில் போகிற ஊரில் கூடுதலாக இரண்டு நாள் தங்குங்கள். ஒரு விடியலை மழை கெடுத்தால் மறுநாள் விடியலிலும் அதே இடத்தில் நிற்கலாம். பயணப் படத்துக்கு அதைவிடப் பெரிய கருவி கடையில் கிடைக்காது.